ஆளில்லாத படம்

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் இளம்பெண்களின் மார்பு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். பாலுக்குள் சுண்ணாம்பைத் தேடுகிற வேலை அது. அல்ட்ராசவுண்டில் கட்டி கருப்பு. எம்ஆர்ஐயில் மருந்து ஏற்றியதும் ஒளிரும். மூன்றில் எது சின்னக் கட்டியை முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கிறது என்று ஒப்பிடுவதுதான் எங்கள் ஆய்வு. பெயரை மறைத்து, வெறும் எண்ணோடு படங்கள் என் மேசைக்கு வரும். எடுப்பது டெக்னீஷியன் குருவி. ஓயாமல் பேசுவதால் நான் வைத்த பெயர்.

கடைசி எண்ணின் மேமோகிராமுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்ததும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டேன். அல்ட்ராசவுண்டில், இடது பக்கம், மிளகளவு கருப்பு. எம்ஆர்ஐயில் அதே இடம் இருட்டில் பூனைக் கண்போல விழித்திருந்தது. மறுபடி மேமோகிராமைப் பார்த்தேன். இப்போதும் ஒன்றுமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இந்தப் பொண்ண இன்னைக்கே வரச் சொல்லு,” என்றேன்.

குருவி கம்ப்யூட்டரில் தேடினாள். “இந்த நம்பர்ல ஆளே இல்ல டாக்டர்.”

“பின்ன, பேயா வந்து படுத்துச்சு?”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நானே தேடினேன். பெயர் இல்லை, வயது இல்லை, போன் நம்பர் இல்லை. எங்கோ ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. திரையை அணைக்கக் கை வரவில்லை. அணைத்தால் அவள் ஒரேயடியாகத் தொலைந்துவிடுவாள் என்று தோன்றியது.

“எப்ப எடுத்தது?”

“போன வருஷம். நம்ம பிரிவு திறக்கறதுக்கு முந்தின வாரம்.”

புது மெஷின்களைப் பொம்மை வைத்துச் சோதிப்பார்கள். பொம்மை மூச்சு விடாது, நெளியாது. அதனால் கடைசியில் எங்களில் ஒருவர் மருந்தும் ஏற்றிக்கொண்டு படுத்துக் காட்டுவது இங்கே வழக்கம். படம் தெளிவாக விழுந்ததா என்று மட்டும் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. அழிக்க மறந்த அந்தப் படங்கள் ஆய்வுக்குள் கலந்துவிட்டன.

“அன்னைக்கு யாரு படுத்தது?”

குருவி எழுந்து போய் ஸ்கேன் கட்டிலில் புது விரிப்பைப் போட்டாள், தினமும் மற்றவர்களுக்குப் போடுவதைப் போலவே.

“யாரையும் கூப்பிட வேணாம் டாக்டர். வந்துட்டேன்.”

அவள் அதில் படுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கருவியை வைத்ததும் கருப்பு திரைக்கு வந்து நின்றது. அளந்தேன். மிளகு கொண்டைக்கடலையாகியிருந்தது.

“சின்னதுதான்டி,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற திரை.

“போன வருஷம் சின்னதா இருந்துச்சு டாக்டர்.”