மூன்று நொடி பிந்திய புள்ளி

என் அண்ணன் கண்ணால் பேசுகிறவன். நோய் கைகாலை முடக்கிவிட்டு, போன வருஷம் நாக்கையும் எடுத்துக்கொண்டது. திரையில் எழுத்துகள் இருக்கும். அவன் பார்க்கிற இடத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி ஓடும். ஓர் எழுத்தின் மேல் அது நின்றால் அந்த எழுத்து விழும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு இதை அமைத்துக் கொடுத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்று காலை அண்ணி குளிக்கப் போயிருந்தபோது, அப்டேட் வந்திருப்பதாகத் திரையின் மூலையில் ஒரு கட்டம் வந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி நானாகத்தான் அழுத்தினேன். கெட்டால் பழையதைத் திரும்ப ஏற்ற ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அழுத்தினேன். நான் என்ன முட்டாளா?

ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அண்ணன் நாற்காலியில் சரிந்திருந்தான். இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி நேராக உட்கார வைத்தேன்.

திரை வந்தது. புள்ளிதான் ஓடவில்லை. அவன் பார்த்து மூன்று நொடி கழித்து நொண்டிக்கொண்டு போனது. 'முமுயதத' என்று குப்பையாக விழுந்தது. அழித்தேன்.

"என்னாச்சு தம்பி?" அண்ணி ஈரத்தலையோடு வந்து நின்றார்.

"தானாவே அப்டேட் ஆயிடுச்சு அண்ணி. பாத்துட்டிருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் வாயைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

கிராஃபிக்ஸ் கார்டு பழசு. அப்டேட்டில் வந்த புதிய கர்னலில், அதாவது லினக்ஸின் மைய நிரலில், கார்டை இயக்கும் டிரைவர் ஏறவில்லை. அதனால் திரையில் படம் வரைகிற வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்திருந்தது. அலங்காரங்களை எல்லாம் அணைத்தேன். ரெசல்யூஷனைக் குறைத்தேன். மூன்று நொடி இரண்டரை ஆனது. பழைய கர்னலுக்குப் போகலாம் என்றால், இடத்தை அடைக்கிறது என்று போன வாரம் நானே அதை அழித்திருந்தேன். பென் டிரைவ்தான் கதி. அதைக் காணோம். அலமாரி, மேஜை, சட்டைப் பை, குப்பைக்கூடை, எங்கேயும் இல்லை.

அண்ணன் விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி முமு, மறுபடி யத. நான் திரையில் திறந்து வைத்த ஜன்னல்களுக்கு நடுவில் அவன் எழுத்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கியாண்ணே? உனக்காகத்தானே மல்லுக்கட்டிட்டிருக்கேன்!"

கத்திவிட்டேன். அசைய முடியாதவனைப் பார்த்துச் சும்மா இரு என்று கத்தினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மதியம் அண்ணி பொறுமை இழந்தார். "அதை விடுங்க தம்பி. அவருக்கு என்னமோ சொல்லணும்." காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாக விரலை நகர்த்தினார். வேண்டிய எழுத்து வந்ததும் அண்ணன் இமையை மூட வேண்டும்.

என் பொய்யைத்தான் போட்டு உடைக்கப் போகிறான்.

முதல் எழுத்து 'மு'. முட்டாள் என்று ஆரம்பிக்கிறான், சொல்லட்டும் என்று நினைத்தேன். அடுத்தது 'து'. இமை களைத்துப்போய் நடுங்கியது. கடைசியில் 'கு'.

"முதுகா? ஐயோ, முதுகு வலிக்குதா?" அண்ணி அவனை முன்னால் சாய்த்துச் சட்டையைத் தூக்கினார். நடு முதுகில் விரல் நீளத்துக்குக் கன்றிச் சிவந்திருந்தது. நாற்காலியில், அந்த இடத்தில் என் பென் டிரைவ் கிடந்தது. அவனைத் தூக்கும்போது என் கையிலிருந்து விழுந்திருக்கிறது. நாலு மணி நேரம் அவன் பாரத்தில் கிடந்து அதன் கழுத்து வளைந்திருந்தது.

"நான்தான் அப்டேட் பண்ணேன் அண்ணி. தானா ஆகல."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல இவரைப் பிடிங்க."

பிடித்தேன். அண்ணி மருந்து தடவினார். அவனைத் திரும்பச் சாய்த்து வைத்த பிறகு பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியவில்லை. திரையில் கடைசியாக விழுந்த முமுயதத அப்படியே நின்றது. காலையிலிருந்து அவன் அந்த ஒரே வார்த்தையைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். நான்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.