வலம் சுற்றிய மோட்டார்

துடியலூரில் எங்கள் மாமா பொங்கியண்ணனுக்கு ஒரு பருத்தி ஜின்னிங் பேக்டரியும், நாலு எருமையும், ஒரு மோட்டார் காரும் இருந்தன. பேக்டரியை மாமா பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டும் டிரைவர் பாக்கியராஜின் பொறுப்பு. விடிந்ததும் கறவை, அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு ஸ்டியரிங். சில நாள் கழுவாமலும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றி, குளம் வறண்டது. குடியானவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மோட்டார் வைத்திருந்தவர்கள் குளத்தைப் பார்த்தார்கள். அதற்குள்ளேயே வட்டமாகப் பந்தயம் விடுவதென்று முடிவாயிற்று. ஊட்டி துரைமார் விடுகிற மாதிரி இடப்பக்கமாக வளைந்துகொண்டே சுற்ற வேண்டும்.

"பாக்கியராஜு, இதுல ஜெயிச்சுப்போட்டீன்னா கோபிச்செட்டிபாளையத்துக்கு உடப்போற நம்ம பஸ்ஸு உனக்குத்தான். எருமைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

பாக்கியராஜின் மனைவி கிருபாவதி அன்றைக்கே சர்ச்சில் வேண்டிக்கொண்டு, காக்கித் துணி எடுத்துச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

காலேஜ் லீவில் வந்திருந்த நான் போய்ப் பார்த்தபோது, பாக்கியராஜ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். பின் ஆக்சிலின் இடது முனையை ஒரு விரல்கடை முன்னுக்குத் தள்ளி முடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆக்சில் கோணலா நிக்குதே?"

"கோணலாத்தானுங்க நிக்கோணும். புழுதியில முன்சக்கரத்த மட்டும் திருப்புனா வண்டி கேக்காதுங்க. இப்படி வெச்சா வாலு வலப்பக்கமா ஒதுங்கும், மூக்கு தன்னால இடப்பக்கம் திரும்பும்."

"வலப்பக்கம் வளைச்சா?"

"வளையாதுங்க தம்பி. நேராப் போயி மதகுக்குக் கும்புடு போட்டுரும்." சிரித்தான். "யாரு வலப்பக்கம் வளைக்கறாங்க?"

பந்தயத்தன்று ஐந்து வண்டிகள் நின்றன. துரை ஒருவர் குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொடியைத் தூக்கும் சமயத்தில் கோயில் தர்மகர்த்தா காளிச்சாமி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, குளத்து நடுவுல பிள்ளையார் உக்காந்திருக்காரு. இடமாச் சுத்தறதுக்கு இது என்ன எழவு ஊடா? மழையே இல்லாத ஊருல இது வேறயா?"

பிள்ளையார் அங்கேதான் ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் அவர் ஞாபகம் வந்தது. பந்தயம் வலமாகத் திருப்பப்பட்டது. துரைக்கு இரண்டும் ஒன்றுதான்; தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது.

பாக்கியராஜ் மாமாவிடம் ஓடி வந்தான். "ஐயா, வலமாச் சுத்த முடியாதுங்க. ஒரு மணி நேரம் குடுங்க, மாத்திக் கட்டிப்போடறனுங்க."

காளிச்சாமிக்கு முதல் பாதி மட்டும் போதுமாயிருந்தது. "கேட்டீங்களா? வேதக்காரன் நம்ம சாமிய வலம் வரமாட்டானாமா!"

"சாமி இல்லீங்க, ஆக்சிலுங்க."

"ஆக்சிலுக்கு என்னடா சாமி, சாதி?" என்றார் மாமா. "ஊருக்கு முன்னால மானத்த வாங்காதே. ஓட்டறயா, இல்ல பஸ்ஸுக்கு வேற ஆளப் பாக்கட்டுமா?"

நான் ஆக்சிலை விளக்கப் போனேன். "உனக்குக் காலேஜு எப்பத் தெறக்குது?" என்று கேட்டார்.

பாக்கியராஜ் ஏறி உட்கார்ந்தான். முதல் சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை அடக்கி, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, கடைசியாக வந்தான்.

"எருமையா ஓட்டறே? பஸ்ஸு வேண்டாமா?" என்று கரையிலிருந்து கத்தினார் மாமா.

இரண்டாம் சுற்றில் அவன் அடக்கவில்லை. இரண்டு வண்டிகளைத் தாண்டினான். வளைவு வந்தது. முன்சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்தன, வண்டி பார்க்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் நேரே போய் மதகில் மோதியது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேதக்காரனைப் பிள்ளையார் தன்னைச் சுற்ற விடவில்லை என்பது ஊரின் தீர்ப்பு. குளத்தில் தீட்டுக் கழித்தார்கள். அடுத்த வாரம் தூறல் போட்டதால் தீர்ப்பின் மேல் அப்பீலும் இல்லாமல் போயிற்று.

கோபி பஸ் காளிச்சாமியின் மச்சானுக்குப் போனது. கோயிலை வலம் வந்துதான் கிளம்பியது.

மாமா இரக்கமுள்ளவர், பாக்கியராஜை நிறுத்தவில்லை. "பால் கறக்கக் கால் எதுக்கு?" என்றார். ஊருக்குப் புறப்பட்ட அன்று தொழுவத்தில் அவனைப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தான், தைத்தாயிற்று, வீணாக்குவானேன். கக்கத்துக் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு எருமையின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான்.

வலப்பக்கம் உட்கார்ந்தால் எருமை உதைக்கும். அதை மட்டும் யாரும் மாற்றச் சொல்லவில்லை.