காயாத தகடு

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது போதாதென்று, மூத்தவளும் இளையவளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலையும் பார்த்தார்கள். வீட்டில் மாமியார் வாய்க்கு வாய் 'சின்னவ, சின்னவ' என்பாள். கூடத்தில் தலைவரும் அதே பாட்டுத்தான். மூத்தவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உண்டான லித்தியம், புரோட்டான் மோதி எவ்வளவு வேகமாகச் சிதைந்திருக்கும் என்று அளப்பது அவர்கள் வேலை. மூத்தவள் ஒரு தகட்டில் லித்தியம் உப்பை மெல்லிசாகப் படியவைத்து எடை போடுவாள். அதன்மேல் புரோட்டான்களைப் பாய்ச்சி, சிதறி வருவதைக் கருவியால் எண்ணவைத்துக் கணக்குப் போடுவாள் இளையவள். விடை முன்கூட்டியே தெரிந்தால் மனம் கணக்கை வளைக்கும் என்பதால், கருவி காட்டும் எண்ணிக்கையை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கித்தான் அவளிடம் தருவார்கள். அந்த எண் மூத்தவளிடம் இருந்தது.

சும்மா இருப்பாளா? இளையவள் கண்ட விடையைத் திருட்டுத்தனமாக அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தாள். மற்ற கூடங்கள் கண்ட வேகத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடுத்த மாதம் மாநாட்டு மேடையில் பேசப்போகிறவள் இளையவள். அவள் பிழைப்பு சந்தி சிரிக்கப்போகிறது. ஏன் குறைந்தது என்று மூத்தவள் யோசிக்கவே இல்லை. மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

ரகசிய எண்ணைச் சொல்லும் நாள் வந்தது. சொன்னாள். வகுத்துப் பார்த்த தலைவரின் முகம் தொங்கிப்போயிற்று. எங்கே தவறு என்று இளையவளைக் குடைந்தார்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். தகட்டு எடையை மட்டும் பாக்கல. அது அக்கா போட்டது, தப்பா இருக்காது."

குத்தலோ என்று மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இல்லை, அந்தப் பாவி மனசாரத்தான் சொல்கிறாள். அப்போதுதான் மூத்தவளுக்கு உறைத்தது. மேடைக்கு இளையவளைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்த அன்றுதான் அந்தத் தகட்டை எடை போட்டாள். காற்றுப் பட்டால் ஈரம் குடிக்கும் உப்பு அது. சூடேற்றிக் காயவைத்த பிறகே நிறுக்க வேண்டும். ஆத்திரத்தில் காயவைக்க மறந்துபோனாள். ஈரமும் லித்தியமாகக் கணக்கில் ஏறி, வேகத்தைக் குறைத்துக் காட்டிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

"காயவைக்காம எடை போட்டது நான்தான்," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

காயவைத்து மறுபடி நிறுத்தார்கள். பழைய எடையில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஈரம். விடை சரியாக வந்து உட்கார்ந்தது.

அன்று மாலை மாமியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "சின்னவ ஒரு வார்த்தை சொன்னதுமே தப்பு பிடிபட்டுடுச்சாமே."

மூத்தவளுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. மறுநாள் அந்த எரிச்சலோடேயே போய், அடுத்த தகட்டை நன்றாகக் காயவைத்துவிட்டு எடை போட்டாள்.