ஆகாயத்தில் ஒரு கொட்டாவி

விமானம் கொழும்பை விட்டு எழும்பியபோது அடைக்கப்பன் செட்டியாருக்கு உயிர்ப் பயம் இல்லை. காதுப் பயம்தான்.

போன தடவை இறங்கும்போது இரண்டு காதும் கப்பென்று அடைத்து, திறக்க மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் யார் என்ன கேட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தார். நாலாம் நாள் பார்த்தால், திருவிழா நாடகத்தில் அனுமார் வேஷம் கட்டச் சம்மதித்திருந்தார். கட்டவும் கட்டினார். வாலில் தீப்பிடித்தது தனிக் கதை.

இன்றைக்கு அப்படித் தலையாட்ட முடியாது. திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு, மகள் சொர்ணவல்லிக்குச் சம்பந்தம் பேசச் சாயங்காலம் மாப்பிள்ளையின் தகப்பனார் ஏகாம்பரம் வருகிறார். புதுக்கோட்டை காலேஜில் படிக்கிற மகள் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அப்பச்சி, படிப்பை நிறுத்தச் சொல்லிக் கேப்பாங்க. அதுக்கு மட்டும் தலையாட்டிராதீங்க."

அதே உறையில் மனைவி தெய்வானை தன் பங்குக்கு ஒரு விரதத்தையும் போட்டு அனுப்பியிருந்தாள். திருமயம் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்கும்வரை அவர் தொண்டையில் எதுவும் இறங்கக்கூடாது. எச்சில்கூட.

கடல் முடிந்தது. அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்கள் கீழே மினுங்கின. பணிப்பெண் பெப்பர்மிண்டுத் தட்டை நீட்டினாள். செட்டியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து ஸீட்டில் அமராவதி. கொழும்பு ஆஸ்பத்திரி நர்ஸ், அறந்தாங்கிக்காரி. "எடுத்துக்கங்கய்யா. சப்பி முழுங்கினாத்தான் காது அடைக்காது."

"விரதம், தாயி."

"அப்ப எச்சியையாவது முழுங்குங்க."

"அதுக்கும் சேத்துத்தான் விரதம்."

"யாரு வச்சது?"

"வீட்டுல."

"அவுக பிளேன்ல வந்திருக்காகளா?"

"அவ கட்டைவண்டியிலயே கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவா."

திருச்சிக்கு இறக்கம் ஆரம்பித்தது. வலது காது பொட்டென்று மூடியது. இடது காதில் அமராவதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது: "கொட்டாவி விடுங்க. அதுலயும் தெறக்கும்."

வாயைப் பிளந்தார். காற்றுத்தான் போனது. கொட்டாவி என்ன, ஆள் அனுப்பினால் வருகிற விருந்தாளியா?

"பாத்தா தொத்திக்கும். என்னையப் பாருங்க" என்று அமராவதி வாயைத் திறந்தாள். பாசாங்காக ஆரம்பித்தது பாதியில் நிஜமாகி, அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செட்டியாருக்குத் தொற்றவில்லை. திரும்பிப் பார்த்த முன் ஸீட்டுப் புகையிலை வியாபாரிக்குத் தொற்றியது. அவரிடமிருந்து அவர் மனைவிக்கு. அங்கிருந்து ஒரு பாதிரியாருக்கு. கடைசியாக மாட்டிய பணிப்பெண், திறந்த வாயோடு விமானி அறைக் கதவைத் திறந்தாள்.

செட்டியார் அமராவதி பக்கம் திரும்பினார். "தாயி, ஓட்டுறவருக்குத் தொத்திச்சுன்னா?"

கதவு இடுக்கில் விமானியின் பின்தலை தெரிந்தது. தோள்கள் உயர்ந்தன. தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

'பைரவா' என்று அலறத்தான் செட்டியார் வாயைத் திறந்தார். வந்தது அலறல் இல்லை. முப்பது வருஷம் கொழும்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து அடக்கி வைத்த கொட்டாவி, தாடை கழன்றுவிடும்போல விரிந்தது. டப். டப். இரண்டு காதும் திறந்தன. விமானமும் இரண்டு துள்ளுத் துள்ளி, பத்திரமாகத் தரையில் ஓடியது.

திருமயத்தில் தேங்காய் உடைத்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, வீட்டுக்குள் நுழைந்தார். ஜமக்காளத்தில் ஏகாம்பரம் காத்திருந்தார். அனுமார் கதை அவருக்கும் தெரியும். அதனாலேயே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு காலேஜுக்குப் போகாதுல்ல, அண்ணே?"

கதவுக்குப் பின்னால் சொர்ணவல்லியின் வளையல் சத்தம் நின்றது. செட்டியாருக்கு அது நின்றதுகூடக் கேட்டது.

"போகும். பி.ஏ. முடிக்கிற வரைக்கும் போகும். ஒப்புனா மேக்கொண்டு பேசுவோம்" என்றவருக்கு, பயணக் களைப்பில் மிச்சமிருந்த ஒரு கொட்டாவி வந்தது.

மறுத்துப் பேச ஏகாம்பரம் வாயைத் திறந்தார். தொற்றிக்கொண்டது. வாய் ஆவென்று விரிய, தலை பின்னே போய், முன்னே வந்து, மோவாய் நெஞ்சைத் தொட்டது.

"சம்பந்தி தலையாட்டிட்டாக" என்று தெய்வானை கற்கண்டுத் தட்டோடு வந்துவிட்டாள்.

ஏகாம்பரம் வாயை மூடுவதற்குள் அதில் ஒரு கற்கண்டு விழுந்திருந்தது.