பழைய தண்ணி

1.
இந்தக் கதை என் அக்கா என்னோடு போட்ட சண்டையில் பிறந்தது. அதை மறைத்து வேறு மாதிரி தொடங்கப் பார்த்தேன். ‘ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அந்த...’ (ஆற்றை யார் கேட்டார்கள்?) ‘ரேடியோ அலைகள் என்பவை...’ (எனக்கே கொட்டாவி வந்தது.) நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2.
அக்கா கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளைப் பொருத்துகிறவள். அத்தான் பாலம் கட்டுமிடத்தில் மேஸ்திரி. ஆற்றுக்குள் தூணுக்காகத் தோண்டிய குழியில் ஆட்களோடு இறங்கி வேலை பார்க்கிறவர். மேலணையில் நீர்மட்டம் அளக்கும் கருவி, அதோடு ஒரு ரேடியோ. குழிக்கரைத் தகரக் கொட்டகையில் அதன் ஜோடி. மேலே தண்ணீர் ஏறினால் கீழே திரையில் எண் ஏறும், சைரன் அலறும்.

ஆனால் மேலிருந்து வரும் செய்திகள் நடுநடுவே காணாமல் போயின. தூரம்தான் காரணம் என்று இன்ஜினியர் ஆண்டெனாவை உயர்த்தச் சொன்னார். பலனில்லை.

அக்கா வீட்டில் அதே ரகக் கருவியை வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். ரேடியோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில். தண்ணீர் சும்மா கிடந்தவரை ஒரு எழுத்து தவறவில்லை. மட்டம் ஏற ஏறக் கருவி படபடவென்று செய்தி கொட்டியது. ரேடியோவால் அந்த வேகத்துக்கு அனுப்ப முடியவில்லை. புனலில் கொள்ளாத எண்ணெய் போல மிச்சமெல்லாம் வழிந்து தொலைந்தது. திரையோ கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டு நின்றது.

அதாவது, ஆபத்து வரும்போதுதான் அது ஊமையாகும்.

(இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட நினைத்தேன். அக்கா வேண்டாம் என்றாள்.)

ஓடிப்போய் வேலையை நிறுத்தச் சொன்னாள். கான்கிரீட் லாரிகள் கிளம்பிவிட்டன, இன்று முடியாது என்றார் இன்ஜினியர். அத்தானும் திரையைக் காட்டினார்.

“சரியாத்தானே காட்டுது?”

“நீங்க பாக்குறது பழைய தண்ணி.”

அவர் இறங்கிவிட்டார். அக்கா சைரன் பொத்தானைக் கையாலேயே அமுக்கினாள். குழியிலிருந்தவர்கள் சேறும் சகதியுமாக, விழுந்தடித்து மேலே ஏறினார்கள்.

3.
இங்கேதான் நான் வெள்ளத்தைக் கொண்டுவந்தேன். நுரையும் மரக்கிளையுமாக, பார்க்க அழகான வெள்ளம். படித்ததும் அக்கா சண்டைக்கு வந்தாள். ஏனென்றால் அன்று தண்ணீர் வரவேயில்லை. ஆட்கள் சிரித்தார்கள், லாரிகள் திரும்பின. அத்தான் வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், அவளைப் பார்க்கவில்லை.

“அப்போ தண்ணி வந்திருந்தாத்தான் நான் செஞ்சது சரியாடா?”

வெள்ளத்தை அடித்துவிட்டேன்.*

*அடித்த பிறகும் கை குறுகுறுக்கிறது.

4.
அக்கா செய்திகளைச் சுருக்கினாள், வேகத்தைக் குறைத்தாள். ஒன்று போய்ச் சேர்ந்ததென்று மறுமுனை சொன்ன பிறகே அடுத்தது கிளம்பும். ஒன்றுமே வராவிட்டால் எண் அழிந்து சைரன் கத்தும். எல்லாம் சோதித்து முடித்த காலையில் அத்தான் ஏணியில் ஒரு காலை வைத்தார். திரும்பி, அத்தனை பேர் முன்னால் அவளிடம் கேட்டார்:

“இறங்கட்டுமா?”

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா? அக்காவைக் கேட்டதற்கு, “எழுதுறவன் நீதானே” என்று எழுந்து போய்விட்டாள். அத்தானைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ‘அவர் குரலில் ஒரு...’ என்று தொடங்கித் தொடங்கி விட்டுவிட்டேன். நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆட்கள் பார்க்க, ஒரு கால் ஏணியில் இருக்க. எந்தக் குரல் வருகிறதோ அதுவே முடிவு.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அவள் பதில் சொல்லும்வரை அவர் இறங்கவில்லை.