இரண்டாம் டிகாக்ஷன்

1

தமிழ் கூறும் நல்லுலகுக்கு அறிவிப்பது: மனிதனின் கோபத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இடம், மயிலாப்பூர். கண்டுபிடித்தவர், இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் வேதாந்தம். மருந்து, மஞ்சளும் மிளகும்.

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடலாம். செடிகொடிகளில் உள்ள ஏதேதோ சத்துகள் மனநிலையை மாற்றக்கூடும் என்று வேதாந்தம் எங்கோ படித்தார். அன்றிலிருந்து ராத்திரிதோறும் மஞ்சளும் மிளகும் போட்ட பால். மூன்றே மாதம். பேப்பர்காரன் எட்டு மணிக்கு வந்தாலும் அவருக்குக் கோபம் வரவில்லை. இதைக் கதையாக்கி ஞாயிற்றுக்கிழமை சபாவில் வாசிக்கப்போகிறார். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'உணவுச் சிந்தனையாளர்' என்று இருக்கிறது. (போடச் சொன்னவர் அவரேதான்.)

2

முதல் தொடக்கம்: "சாந்தம் என்பது அடுக்களையில்..." வேண்டாம். பிரசங்க வாடை.

இரண்டாம் தொடக்கம்: "சமையல்காரி சுலோச்சனா காபி டம்ளரை..."

எப்படிப் பிடிப்பாள்? ஆறு வருஷமாக அவள்தான் சமைத்துப்போடுகிறாள். அவள் கையை அவர் பார்த்ததே இல்லை. யதார்த்தம் தேடி, காலை ஆறு மணிக்குத் தம் வீட்டு அடுக்களைக்குள் முதல்முறையாக எட்டிப்பார்த்தார்.

3

(அந்த வீட்டுச் சட்டம்: ஃபில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாக்ஷன் வீட்டுக்காரர்களுக்கு. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாக்ஷன் சமையல்காரிக்கு.)

கெட்டி டிகாக்ஷன் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களுக்குப் போனது. தண்ணி டிகாக்ஷன் வெள்ளி டம்ளருக்கு.

வெள்ளி டம்ளர் வேதாந்தத்துடையது.

"இன்னா சார், காலங்காத்தால இங்க வந்துகீறீங்க?"

"எத்தனை நாளா இது?"

"மூணு மாசமா சார்."

"நாளைலேர்ந்து வேலைக்கு வராதே." அதையும் கத்தாமல்தான் சொன்னார்.

அவள் ஃபில்டரைக் கீழே வைத்தாள். "பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன் சார். இந்த வேலைய வுட்டா சோத்துக்கு இன்னா பண்ணுவேன்? அம்மாவக் கேளுங்க."

பின்னாலேயே அவர் மனைவி ஜெயலக்ஷ்மி வந்து, எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றது சுலோச்சனாவுடையது.

"நான்தான் சொன்னேன். முதல் டிகாக்ஷன் உள்ள போனா ஆத்துல பால்காரன், பேப்பர்காரன்னு ஒருத்தன் பாக்கியில்லாம எல்லார் மேலயும் கத்தறேள். மூணு மாசமா நிம்மதியா இருக்கு."

"அப்போ மஞ்சள்?"

"நீங்க மஞ்சளுக்குப் பட்டாபிஷேகம் பண்ணிண்டிருந்தேள். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இவள அனுப்பினேள்னா நானும் பெங்களூருக்கு, நம்ம பொண்ணு வர்ஷினியாத்துக்குக் கிளம்பிடுவேன்."

இது அவர் கத்தவேண்டிய இடம். வாயைத் திறந்தார். கோபம் வரவில்லை. உள்ளே தேடினார். இல்லை. அதுதான் பேரதிர்ச்சி. ஐம்பத்தெட்டு வருஷக் கோபம், ஒரு கரண்டி டிகாக்ஷனா?

(அடிக்குறிப்பு மாதிரி: காபியும் செடிதான். ஆகவே கோட்பாடு தோற்கவில்லை. தோற்றது அவர்...)

4

முடிவு அ: சுலோச்சனாவை அனுப்பிவிடுகிறார். ஜெயலக்ஷ்மி ரயிலேறுகிறாள்.

முடிவு ஆ: சபாவில் உண்மையைச் சொல்கிறார். கைதட்டல் சுலோச்சனாவுக்கு.

முடிவு இ: மஞ்சளையே வாழவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணிக் காபியை...

வேதாந்தம் பேனாவை மூடிவிட்டார். வாசகர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எதை எடுத்தாலும் சுலோச்சனா நாளை ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவாள்.

உணவுச் சிந்தனையாளருக்குக் காபி போடத் தெரியாது.