லிஃப்ட்காரர் உடம்பில் எழுந்த அடிகள்

கராத்தே சாம்பியனை அடக்கம் செய்த மறுநாள் காலை, லிஃப்ட்காரரின் இடது விலாவில் அவர் வாங்காத அடியின் காயம் ஒன்று எழுந்தது. கத்தரிப்பூ நிறத்தில், ஒரு குதிகால் அகலத்துக்கு இருந்தது. லிஃப்ட்காரர் என்றால் உள்ளே உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் இல்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளின் கூரைமேல் ஏறி, கிரீஸும் கையுமாக அவற்றைச் சரிசெய்கிறவர். கண்ணாடி முன்னால் பனியனைத் தூக்கிப் பார்த்ததும் அது எந்த அடி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சாம்பியன் முதல் பட்டம் வென்ற வருடம், முதல் சுற்றில் ஒரு நெட்டையன் சுழன்று உதைத்த உதை. அன்றைக்கு அரங்கத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று பதறியவர்களில் அவரும் ஒருவர். இத்தனை காலம் கழித்து அது தன்னிடம் வந்து சேர்ந்ததில் அவருக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால், மனிதர் பூரித்துப்போனார்.

அதற்குப் பிறகு அடிகள் போட்டி வரிசைப்படி ஒழுங்காக வந்தன. கால் இறுதியில் பட்ட தோள், இறுதியில் வீங்கிய கணுக்கால், அடுத்த வருடத்து உதடு. டயர் கடை மாடியில் இயங்கிய ரசிகர் சங்கத்தில் இவர்தான் இப்போது முதல் மரியாதைக்குரியவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சட்டையைக் கழற்றி உட்காரவைத்துவிடுவார்கள். இது எந்தப் போட்டி, எந்தச் சுற்று, எதிராளி யார் என்று வளர்ந்த ஆண்கள் தொண்டை வற்றக் கத்திச் சண்டை போடுவார்கள். மரச்சாமான் கடை வைத்திருந்த செயலாளர்தான் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். அவர் கண்ணில் நீர் தளும்பும். சங்கத்தில் ஒருவரும் ஒரு காயத்தைக்கூடத் தெரியாது என்று விட்டதில்லை. எதற்கும் ஒரு போட்டியைக் கண்டுபிடித்து ஒட்டவைத்துவிடுவார்கள்.

லிஃப்ட்காரரின் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. முதல் நாளே களிம்பு கொண்டுவந்தார்.

"இது மருந்து போடுற காயமா? விடு," என்றார் இவர்.

"காயம்னா மருந்து போடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்றார் மனைவி. களிம்பு அலமாரியிலேயே கிடந்தது.

அந்த மனிதரைக் கேலி செய்வது சுலபம், ஆனால் அது நியாயமாகாது. சின்ன வயதில் அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. பயந்தவர்களுக்கு வரும் முன்கோபமும் இருந்தது. கீழே விழுந்த எதிராளியைச் சாம்பியன் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவன் தலை நிமிரும்வரை குனிந்தே நின்றதை ஒருநாள் பார்த்தார். பலம் இருக்கிறவன் இப்படித்தான் இருப்பான் என்று மனதில் பதிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கல்யாணமான நாள் முதல் மனைவிமேல் ஒரு சுடுசொல் விழுந்ததில்லை. தன்னிடம் நல்லது என்று எதெல்லாம் இருந்ததோ, அதெல்லாம் சாம்பியன் கொடுத்தது என்றே நம்பினார்.

மழை தொடங்கிய மாதத்தில் அவர் மனைவியின் தாடையில் ஒரு காயம் எழுந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கியவர், காலையில் பல் துலக்க வாயைத் திறக்க முடியாமல் நின்றார். அடுத்த வாரம் மேல்கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலுமாக ஒரு பிடி. பிறகு சுண்டுவிரல் தானாகக் கோணிக்கொண்டது. மருந்துக் கடையில் கூட வேலை செய்த பெண்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிர்வீட்டார் லிஃப்ட்காரரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர், செய்தி கேட்டு வண்டியைப் பாதி வழியில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

"மாப்ளே, என் தங்கச்சிய உங்களுக்குக் கட்டிக்கொடுத்தது எதுக்கு?"

"அவர் அடிக்கலண்ணா. சத்தியமா அவர் கை என்மேல படல."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க," என்றார் அண்ணன்.

மனைவி சொன்னது நிஜம். நிஜத்தை நம்பவைக்க அவரிடம் வேறு வார்த்தை இல்லை. அடிபட்ட பெண்களும் அதே வார்த்தையைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செயலாளர் மட்டும் லிஃப்ட்காரரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "வீடுன்னா முன்னப்பின்ன இருக்கும் தம்பி. வெளிய தெரியாம பாத்துக்கங்க. சங்கத்துக்குப் பேரு கெடக் கூடாது." அந்தப் பரிவுதான் லிஃப்ட்காரரைக் கூனிக் குறுகவைத்தது.

மனைவிக்குக் காயம் எழும் காலைகளிலெல்லாம் தன் வலது கை முட்டிகள் வீங்கியிருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரு பகல், பழுதான லிஃப்டின் கூரைமேல் மல்லாந்து கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீக்கத்துக்குப் போட்டி தேடினார். கிடைக்கவில்லை. சாம்பியன் ஆடிய போட்டிகளில் பஞ்சு வைத்த கையுறை கட்டாயம். எந்தப் போட்டியிலும் அவர் முட்டி வீங்கியதில்லை. அப்படியானால் வெறும் கையால் அவர் எதை அடித்தார், யாரை அடித்தார்? வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியை அழைத்துக்கொண்டு சாம்பியனின் வீட்டுக்குக் கிளம்பினார்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டையும் அவர்தான் பார்த்துவந்தார். சாம்பியனின் மனைவியைப் பல தடவை அதில் பார்த்ததுண்டு. வெயிலே படாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். பெரிய இடத்துப் பெண்கள் அப்படித்தான் என்று இவர் ஒதுங்கி நின்று வணக்கம் வைப்பார். இன்றைக்குக் கதவைத் திறந்த அந்த அம்மாள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இவரைப் பார்க்கவும் இல்லை. இவர் மனைவியின் தாடையைத்தான் பார்த்தார்.

"இது வெள்ளிக் கோப்பை வாங்கிட்டு வந்த அன்னிக்கு," என்றார். "தோத்தாத்தான் அடிப்பார்னு நினைக்காதீங்க."

சாம்பியன் வாங்கிய அடிகள் லிஃப்ட்காரருக்கும், கொடுத்த அடிகள் லிஃப்ட்காரரின் மனைவிக்கும் வந்துகொண்டிருந்தன. மனைவிக்கு வந்தவை அந்த அம்மாளின் உடம்பிலிருந்து கழிந்துகொண்டிருந்தன. அந்த அம்மாளின் தாடைத் தழும்பு மறைந்திருந்தது. வருடக்கணக்காகக் கோணிக்கிடந்த சுண்டுவிரல் நிமிர்ந்திருந்தது. அதைக் காட்டும்போது திருடிய பொருளைக் காட்டுகிறவர்போல் தலைகுனிந்தார். லிஃப்ட்காரர் கூடத்தில் கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க, பெண்கள் இருவரும் சமையலறையில் நின்று பேசினார்கள்.

"இன்னும் என்ன பாக்கி இருக்குக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர் மனைவி.

"காது மட்டும். இடது காது. ஒரே அறை, அதோட போச்சு." அவர் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். "நான் சொன்னதுண்டும்மா. எங்கம்மாவே நம்பல. கோப்பை வாங்குற மனுஷன் கை நீட்டுவாரான்னு கேட்டாங்க."

வீட்டுக்கு வந்து லிஃப்ட்காரர் சாம்பியனின் படங்களையெல்லாம் கிழித்தார். ஏலத்தில் எடுத்த கறுப்பு பெல்ட்டைக் குப்பையில் போட்டார். பயனில்லை. கண்ணை மூடினால் சாம்பியனின் உதை வந்தது, தோற்றவனைத் தூக்கிவிட்ட அந்தக் கை வந்தது. அழகாக இருந்ததை அழகில்லை என்று நினைக்க அவரால் முடியவில்லை. அதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். மனைவியோ கடையில் வருகிறவர்களிடம் பேசும்போதுகூட இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். வரப்போகும் அறையைக் கையால் தடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் பயம் என்று ஒன்று இருக்கிறதே.

சாம்பியனின் முதல் நினைவு நாளுக்குச் சங்கம் ஒரு மண்டபம் பிடித்திருந்தது. காலையிலேயே கூட்டம் நிரம்பி வழிந்தது. லிஃப்ட்காரரை மேடையேற்றிச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. மைக்குக்கு முன்னால் வலது கையை மடக்கி, இன்னும் வீக்கம் வற்றாத முட்டிகள் தெரியும்படி நீட்டினார்.

"இது எந்தப் போட்டின்னு சொல்லுங்க," என்றார்.

பழக்கதோஷம், மண்டபமே பதில் சொன்னது. கோப்பை இறுதி என்றார்கள். வெளிநாட்டில் ஆடியது என்றார்கள். ஒருவர் எதிராளியின் பெயரைக்கூடச் சொன்னார்.

"இது அவர் வீட்ல. அவர் சம்சாரத்த அடிச்சது. எனக்கும் அவரத்தான் பிடிக்கும், இன்னிக்கும் பிடிக்குது. ஆனா அடிச்சார்."

செயலாளர் எழுந்து வந்தார். வாழ்நாளில் கராத்தே கற்றிராத அந்த மனிதர், லிஃப்ட்காரரின் இடது காதோடு சேர்த்து ஒரு அறை விட்டார்.

அந்த அறையில் காது போனது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். கிழிந்தது நேற்றில்லை, ஆறிப் பல வருடமாகியிருக்கிறது என்று சொல்லி, விளக்கை வைத்து மறுபடியும் பார்த்தார். மண்டபத்தில் அறை விழுந்த நேரம், சாம்பியனின் மனைவி தன் இடது காதில் குழாய் சொட்டுவதைக் கேட்டார். உடனே லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போன் செய்தார், அந்தக் காதிலேயே போனை வைத்துக்கொண்டு. இரண்டு பெண்களும் வெகுநேரம் அழுதார்கள். லிஃப்ட்காரர் மனைவிக்கு இரண்டு காதும் கேட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் யார் உடம்பிலும் எதுவும் எழவில்லை. மச்சான் வந்து, கூடத்து மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

மறு வருடம், ஒரு மதியம், செயலாளரின் மனைவி மருந்துக் கடைக்கு வந்தார். தாடையில் காயம் இருந்தது. லிஃப்ட்காரர் மனைவிக்கு அந்தக் காயத்தின் வடிவம் நன்றாகத் தெரியும். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இது சாம்பியன் அடிச்சதா, உங்க வீட்டுக்காரர் அடிச்சதா?"

"ரெண்டும் கலந்து வருதும்மா," என்றார் அவர். "எது யாரோடதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல."

லிஃப்ட்காரர் மனைவி தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார்.